பாட்டியின் வெள்ளிக் காசுக்குத் தரச் சான்று தேவையா?

பாகான் டத்தோவில் நாங்கள் நடத்திய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் குடும்பச் சேமிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஏழு பழைய நாணயங்கள்.

"தம்பி, தென்னந்தோட்டத்துல வேலை செஞ்ச எங்க பாட்டி சேர்த்து வெச்சது. சர்ட்டிபிகேட் இல்லாத காசுக்கு விலையே இல்லன்னு ஒருத்தர் சொல்றாரு. காசுக்கு முந்நூறு வெள்ளி குடுத்தா அவரே வெளிநாட்டுக்கு அனுப்பி வாங்கித் தர்றாராம். குடுக்கலாமா?" என்று கேட்டார்.

ஏழு காசுக்கு 2,100 வெள்ளி! நேரம் போதாததால் அன்று சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும்.

அந்த முடிச்சில் இருந்தவற்றில் இரண்டு, நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி நாணயங்கள். ஒன்று 1904 ஆம் ஆண்டுக்குரியது, மற்றது 1908. இரண்டிலும் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை. ரிங்கிட்டை இன்றும் நாம் 'வெள்ளி' என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பெயருக்கு ஏற்றபடி உண்மையான வெள்ளியில் அடித்த காசு இது. 1904 நாணயம் இந்தியாவின் பம்பாய் நாணயச் சாலையில் அச்சானது. மீதி ஐந்தும் 1967 இல் பேங்க் நெகாரா வெளியிடத் தொடங்கிய, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த சில்லறைகள்.

சரி, தர மதிப்பீடு என்றால் என்ன? ஒரு நிறுவனம் உங்கள் நாணயத்தை வாங்கி மூன்று விஷயங்களைப் பார்க்கும். அசலா, போலியா? எவ்வளவு தேய்ந்திருக்கிறது? யாராவது கழுவியோ, துளையிட்டோ, பற்றவைத்தோ கெடுத்திருக்கிறார்களா? பிறகு 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, சான்று எண்ணோடு திருப்பி அனுப்பும். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக 1949 இல் வகுத்த அளவுகோல்தான் இந்த எழுபது. 60க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத நாணயம் என்று பொருள்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது? விற்கும்போது "புதுசு மாதிரி இருக்கு" என்பார்கள். அதே காசை வாங்கும்போது "ரொம்பத் தேய்ஞ்சு போச்சு" என்பார்கள். இந்தச் சண்டையைத் தீர்க்க மூன்றாவது ஆள் தேவைப்பட்டார். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972 இல் அசல், போலி பார்த்துச் சொல்லும் பிரிவைத் தொடங்கியது. 1986 இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987 இல் என்.ஜி.சி. நிறுவனமும் எண் கொடுத்துப் பெட்டியில் மூடித் தரும் வேலையில் இறங்கின. இன்று உலக ஏலங்களில் அதிகம் காணப்படுபவை இந்த இரண்டின் பெட்டிகள்தாம்.

ஆனால், பெட்டி என்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. அதன் மேல் உள்ள பெயரை, உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் நம்பி வாங்குகிறாரா என்பதுதான் முக்கியம். எனவே எந்த நிறுவனமானாலும் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, அந்த நிறுவனமோ அதன் மதிப்பீட்டாளர்களோ நாணய வியாபாரம் செய்கிறார்களா? நடுவரே பந்தை உதைத்தால் ஆட்டம் எப்படி இருக்கும்?

இரண்டாவது, நீரிணைக் குடியேற்ற நாணயங்களையும் மலாயா நாணயங்களையும் அவர்கள் தொடர்ந்து பார்த்தவர்களா? கோலாலம்பூர், சிங்கப்பூர் ஏலப் பட்டியல்களைப் புரட்டுங்கள். நம் நாட்டுக் காசுகள் எந்தப் பெயர் கொண்ட பெட்டியில் விற்கின்றன என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, சான்று எண்ணை அவர்களின் இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்க முடியுமா? படம் இருந்தால் இன்னும் நல்லது. போலிக் காசு மட்டுமல்ல, போலிப் பெட்டியும் சந்தையில் உண்டு.

நான்காவது, அவர்கள் தவறு செய்தால் இழப்பீடு உண்டா? உத்தரவாதத்தை முழுமையாகப் படியுங்கள். செப்புக் காசின் நிறம் மாறுவது போன்ற சில விலக்குகள் அதில் இருக்கலாம்.

ஐந்தாவது, மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம், அஞ்சல், காப்புறுதி, இடைத்தரகருக்கான கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். இடைத்தரகர் தம்மை 'அங்கீகாரம் பெற்றவர்' என்றால், அவர் பெயர் அந்த நிறுவனத்தின் சொந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காசைக் கொடுக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்து, எடை குறித்து, ரசீது வாங்காமல் கை விடாதீர்கள்.

இப்போது அந்த அம்மாவின் முடிச்சுக்கு வருவோம். சில்லறை ஐந்தும் புழங்கித் தேய்ந்தவை. ஆண்டுகளைப் பார்த்தேன், அரிதானது எதுவும் இல்லை. அவற்றுக்கு முந்நூறு வெள்ளி செலவிடுவது, கோழியின் விலையைவிடக் கூண்டுக்கு அதிகம் கொடுப்பது போல.

1904 வெள்ளியின் மேல் ஓரத்தில் பற்றவைத்த தடம் இருந்தது. பாட்டி அதில் வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். நல்ல நிறுவனம் இதற்கு எண் கொடுக்காது. 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி, சேதத்தைக் குறிப்பிட்டுத்தான் பெட்டியில் மூடும். விலை கூடாது.

மிஞ்சியது 1908 வெள்ளி ஒன்றுதான். இந்த வகையில் போலிகள் ஏராளம். அதனால் முதல் வேலை, நகைக்கடைத் தராசில் நிறுப்பது. 1903, 1904 நாணயங்கள் 26.95 கிராம். 1907 முதல் 1909 வரையானவை சிறியவை, 20.21 கிராம். நெடுநாள் புழங்கியது சற்றுக் குறையலாம். பெரிய வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் இழுத்தால் அது வெள்ளி அல்ல. இழுக்கவில்லை என்பதற்காக அசல் என்றும் முடிவு கட்டாதீர்கள். எடை சரியாக இருந்தால், இரண்டு மூன்று நாணயக் கடைகளில் விலை கேளுங்கள். தரச் சான்றால் கூடும் விலை, மொத்தச் செலவைவிடத் தெளிவாக அதிகம் என்றால் மட்டும் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காசைத் தேய்க்காதீர்கள்! புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். பள்ளிக் கண்காட்சிக்காக என் தாத்தாவின் வெள்ளிக் காசை நான் பல்பொடி போட்டுப் பளபளப்பாக்கினேன். ஆசிரியர் பாராட்டினார். இருபது ஆண்டு கழித்து ஒரு சேகரிப்பாளர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "யார் தேய்த்தது?" என்றுதான் கேட்டார். ஆயிரம் மெல்லிய கீறல்கள்! தாத்தா எழுபது ஆண்டு காத்ததை அரை மணியில் கெடுத்தவன் நான்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மா ஏழு காசையும் மறுபடி முடிந்துகொண்டார். "அப்போ அந்த வளையம் வெச்ச காசு?" என்றார். "பேத்திக்குக் கொடுங்கம்மா, பாட்டி கதையோட" என்றேன். சிரித்தார். 1908 வெள்ளியை நிறுத்துப் பார்க்க மறுநாளே தெலுக் இந்தானுக்குப் போவதாகச் சொன்னார். முந்நூறு வெள்ளி கேட்டவருக்கு என்ன பதில் என்று அவர் என்னைத் திரும்பக் கேட்கவில்லை.