மருந்து இடித்த கைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சி என்னும் ஊர் வரும். விடுமுறை நாட்களில் சொந்த ஊருக்குப் புறப்படும் நம் தமிழ்க் குடும்பங்களிற் பல அவ்வூரின் வழியாகவே செல்கின்றன. சாலைக்கு அருகில் ஒரு குன்றினை வளைத்து எழுந்து நிற்கும் கருங்கல் மதிலைப் பலரும் பார்த்திருப்பர். இறங்கிச் சென்று பார்த்தவர் சிலரே. அதுவே உதயகிரிக் கோட்டை. அக்கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயம் ஒன்றில் டிலனாய் என்னும் ஐரோப்பியத் தளபதியின் கல்லறை இருக்கிறது. அவர் 1777ஆம் ஆண்டு காலமானார். கல்லறையின்மீது இலத்தீன் மொழியிலும் நம் தமிழிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

தளபதியின் பெயரைக் கல் காத்து வைத்திருக்கிறது. அவருடைய பீரங்கிகளுக்கு மருந்து இடித்தவர்களின் பெயர்களை எது காத்து வைத்திருக்கிறது? இந்த வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு உழைத்தோர் நம் முன்னோர். அவர்களுடைய கதை நம் இல்லங்களின் கதையும் ஆகும்.

குளச்சலில் எரிந்த பீப்பாய்

மார்த்தாண்ட வர்ம மகாராஜா 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டவர். அவர் காலத்தில் மிளகு வாணிகத்தின் பொருட்டு ஒல்லாந்தராகிய டச்சுக்காரருடன் பகைமை மூண்டது. 1741ஆம் ஆண்டு அவர்கள் குளச்சலில் கரையிறங்கி அரண் அமைத்துத் தங்கினர். திருவிதாங்கூர்ப் படை அவ்வரணை முற்றுகையிட்டது. ஆகஸ்டு மாதத்தில், வெளியிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று அரணுக்குள் இருந்த மருந்துப் பீப்பாயில் விழுந்தது. மூண்ட தீயில் அவர்களுடைய அரிசி இருப்பு முழுவதும் எரிந்தது. உண்ண உணவின்றி, சில நாட்களுக்குள் அவர்கள் சரணடைந்தனர். கடல் கடந்து வந்த ஒரு பெரிய கம்பெனியின் செருக்கை அடக்கிய வெற்றி என இதனை நாம் கொண்டாடுகிறோம். அவ்வெற்றிக்கு ஒரு பீப்பாய் வெடிமருந்தும் காரணமாயிற்று என்பதை மறத்தலாகாது.

இப்போரின் பின்னரே டிலனாய் மகாராஜாவின் பணியில் அமர்ந்தார். படைகளுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்துப் படிப்படியாக உயர்ந்து 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்றார். அக்காலத்தில் தலைநகர் பத்மநாபபுரம். அதற்கு அண்மையில் இருந்த உதயகிரி செப்பனிடப்பட்டுப் படைகளின் தலைமை இடமாயிற்று. பீரங்கி வார்க்கும் உலைக்கூடமும் அங்கே அமைந்தது. பீரங்கி வார்ப்பது ஒருமுறை செய்யும் வேலை. மருந்தோ சுடுந்தோறும் செலவாவது; செலவாகுந்தோறும் புதிதாகச் செய்ய வேண்டுவது. பீரங்கி எத்துணைப் பெரிதாயினும் மருந்தின்றி அது வெறும் உலோகக் குழாயே அன்றோ?

மூன்று பொருள், ஒரு மருந்து

பழைய கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூறு பங்கில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது நன்கு தேர்ந்த அளவு. கரி எரியும் பொருள். கந்தகம் விரைந்து தீப்பற்றச் செய்வது. வெடியுப்போ தன்னுள் அடங்கிய பிராணவாயுவை வெளிவிட்டு, காற்றில்லாத குழாய்க்குள்ளும் தீயை வளர்ப்பது. இம்மூன்றும் தனித்தனியே இருக்கும்வரை அச்சமில்லை. ஒன்றாகக் கூடினால் ஒரு பொறியே போதும்.

வெடியுப்பு மண்ணிலிருந்து கிடைப்பது. மாட்டுத் தொழுவத்து மண்ணிலும், பழைய மண்சுவர்களின் அடியிலும், மக்கள் நெடுங்காலம் குடியிருந்த ஊர்களின் மேட்டு நிலங்களிலும் வெண்மையாகப் பூக்கும் உப்பினை மண்ணோடு சுரண்டி எடுப்பர். அம்மண்ணைப் பானையில் இட்டு நீர் ஊற்றி வடிப்பர். வடிந்த நீரைக் கொப்பரையில் காய்ச்சிக் குளிர வைத்தால் வெடியுப்பு படிகமாக உறையும். மழை மிகுந்த நாட்டில் இவ்வுப்பு கரைந்து போய்விடும். வறண்ட கிழக்குச் சீமையே இதற்கு ஏற்ற நிலம். உப்பிலியர் என வழங்கப்பட்ட மக்கள் மண்ணுப்பும் வெடியுப்பும் எடுத்துப் பிழைத்தனர் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் காணலாம்.

கரிக்கு வன்மரம் உதவாது. மென்மையாக எரியும் செடிகளே வேண்டும். எருக்கங்கட்டையையும் துவரை மாற்றையும் இந்நாட்டு மருந்துத் தொழிலாளர் பயன்படுத்தினர். கந்தகம் மட்டும் வாணிகர் மூலம் வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று.

நிற்க. இம்மூன்றையும் பொடித்துக் கலப்பதே உயிரைப் பணயம் வைக்கும் வேலை. நீர் தெளித்து ஈரமாக வைத்தே இடிக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் மருந்து கெடும். குறைந்தால் இடிப்பவன் கெடுவான். உலக்கை கல்லில் உரசித் தீப்பொறி எழலாகாது; அருகில் விளக்கு கூடாது. இந்த நுட்பத்தைக் கையும் கண்ணும் பழகித்தான் அறிய வேண்டும். தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்த இவ்வித்தையை எந்தத் தளபதியும் தன் நாட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்க முடியாது.

தமிழகத்தின் பங்கு

திருவிதாங்கூரின் எழுச்சியில் தமிழரின் பங்கு பெரிது. மார்த்தாண்ட வர்மரின் வலக்கையாக நின்ற இராமய்யன் தளவாய் தமிழ் அந்தணர். பாண்டி நாட்டு மறவர் வீரர்களாக அப்படையில் சேர்க்கப்பட்டனர். ஆரல்வாய்மொழிக் கணவாய் கிழக்குச் சீமைக்கும் மேற்குச் சீமைக்கும் இடையே மக்களும் சரக்கும் போய்வரும் வாயிலாக விளங்கியது. நாஞ்சில் நாட்டின் நெல் படைகளுக்கு உணவாயிற்று.

1753ஆம் ஆண்டு மாவேலிக்கரையில் டச்சுக்காரருடன் உடன்படிக்கை ஏற்பட்டபோது, மிளகுக்கு ஈடாக ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்க்கருவிகளைத் திருவிதாங்கூருக்குத் தர அவர்கள் இசைந்தனர். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. உள்நாட்டு உழைப்பு, அயல்நாட்டுச் சரக்கு ஆகிய இரண்டையும் கொண்டே ஓர் அரசு தன் மருந்துச் சாலையை நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அயல்நாட்டுச் சரக்குக்கு உடன்படிக்கை இருக்கிறது. உள்நாட்டு உழைப்புக்கு நினைவும் குறைந்து வருகிறது.

கடலுக்கு அப்பால்

இதே காலத்தில் உலகின் மறு கோடியில் நடந்ததையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் 1775ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போர் தொடங்கின. தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் ஆகஸ்டு மாதத்தில் இருப்பைக் கணக்கிட்டபோது, வீரன் ஒருவனுக்கு ஒன்பது முறை சுடும் அளவுக்கே மருந்து இருப்பது தெரிந்து திகைத்தார். வீடுதோறும் வெடியுப்புக் காய்ச்சும் முறையை மக்கள் கற்கும்படி அங்குள்ள காங்கிரஸ் சபை அவ்வாண்டிலேயே ஒரு கையேடு அச்சிட்டது. தொழுவத்து மண்ணும் நிலவறை மண்ணும் சுரண்டி, நீரில் வடித்து, காய்ச்சி எடுத்தனர். நம் ஊர்ப்புறத்து முறைக்கும் அதற்கும் வேற்றுமை மிகச் சிறிதே. அவர்களை எதிர்த்த ஆங்கிலேயருக்கோ அக்குறை இல்லை. 1757இல் பிளாசிப் போர் முடிந்த பின் வங்காளமும் பீகாரும் தந்த வெடியுப்பு கம்பெனிக் கப்பல்களில் இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தது. பீகார்க் கிராமத்து ஏழைத் தொழிலாளி காய்ச்சிய உப்பு, அவன் பெயரும் கேட்டறியாத கண்டத்தில் குண்டாகப் பாய்ந்தது!

அமெரிக்கர் தம் மருந்துத் தொழிலாளரை மறக்கவில்லை. 1802இல் டெலவேர் மாநிலத்துப் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூபான்ட் குடும்பத்தார் தொடங்கிய மருந்து ஆலை இன்று ஹாக்லி அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. முதலாளியின் மாளிகையோடு தொழிலாளர் குடியிருந்த மேடும் அங்கே காக்கப்படுகிறது. தம் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஆலையில் உழைத்தார், எந்த விபத்தில் மடிந்தார் என்று தேடும் பேரர்களுக்குப் பழைய ஏடுகள் அங்கே திறந்திருக்கின்றன. நமக்கும் இவ்வாறு ஒரு வழி வேண்டாவா?

கோட்டை ஓய்ந்தது

வேலுத்தம்பித் தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கடந்து உள்ளே புகுந்தது. உதயகிரியும் அவர்கள் வசமாயிற்று. பின்னர்த் திருவிதாங்கூரின் படைகளிற் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. படை கலைந்தால் அதற்கு மருந்து இடித்தவனுக்கு வேலை ஏது? வேறு தொழிலை நாடி அவர்கள் பிரிந்து போயிருக்க வேண்டும்.

தென்னாட்டில் அவ்வித்தை முற்றிலும் அழிந்துவிடவில்லை. கோயில் திருவிழாக்களின் வாணவேடிக்கையிலும் வெடி வழிபாட்டிலும் அது வாழ்ந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் இட்ட வித்து வளர்ந்து, வறண்ட அந்நிலம் பட்டாசுக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று.

பெருமையை மட்டும் பேசி முடித்தல் நேர்மையாகாது. 2012ஆம் ஆண்டு சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கொல்லம் மாவட்டத்துப் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கையின்போது வெடித்த தீ நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருந்து இடிப்பவனும் வேடிக்கை பார்ப்பவனும் அதற்கு ஒன்றே. நாளிதழ்கள் இருப்பதனால் இவ்விறப்புக்களை நாம் அறிகிறோம். 18ஆம் நூற்றாண்டில் இவ்வாறு மடிந்தவர்களை எந்த நாளிதழ் எழுதிற்று?

கோட்டை அங்கே, ஏடுகள் இங்கே

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. உதயகிரிக் கோட்டை தமிழகத்துக்கு வந்தது. பழைய அரசின் ஓலைகளோ பெரும்பாலும் திருவனந்தபுரத்திலேயே உள்ளன. ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயிலைச் சார்ந்த மதிலக ஆவணங்கள் என்னும் ஓலைச் சுருணைகள் ஆயிரக்கணக்கில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் வட்டெழுத்தும், கோலெழுத்தும், மலையாண்மையும், பழந்தமிழும் விரவியுள்ளன. கோட்டைப் பகுதியிலுள்ள காப்பகத்தில் 2022ஆம் ஆண்டு ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. போரும் அமைதியும் பற்றிய பகுதி ஒன்று அதில் உண்டு.

இந்நகரில் வாழும் தமிழராகிய நமக்கு இதனால் ஒரு தனிக் கடமை வந்து சேர்கிறது. கோட்டையின் ஊரை அறிந்தவர் நாம். ஓலைகளின் நகரில் குடியிருப்பவரும் நாம். இரு பக்கத்து மொழியையும் பேசுகிறோம். வரவுசெலவு ஓலையில் 'மருந்து', 'உப்பு', 'கரி' என்று வரும் சொற்களுக்கு அருகில் ஒரு கூலியாளின் பெயர் இருக்குமாயின், அதனைத் தமிழ்ப் பெயரென்று கண்டுகொள்ளும் தகுதி நமக்கு உண்டு. ஆயின் அவ்வெழுத்துக்களைப் படிக்கவல்லோர் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றனர். முதியோர் நினைவோ அதனினும் விரைவாக மறைகிறது. பத்தாண்டு பொறுத்தால் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டனார், பாட்டியாரிடம் இம்மாதமே அமர்ந்து கேளுங்கள். குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, பழைய வீட்டுப் பெயர் யாது, முன்னோர் யாரேனும் கோட்டையிலோ உலைக்கூடத்திலோ மருந்துச் சாலையிலோ வேலை பார்த்ததாகச் சொல் உண்டா, வெடியுப்புக் காய்ச்சிய கொப்பரையோ பழைய வரிச் சீட்டோ பெட்டியில் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதி, கேட்ட நாளையும் குறித்து வையுங்கள். நம் இளைஞருள் இருவர் மூவரேனும் வட்டெழுத்துப் பயிலட்டும். பிள்ளைகளை உதயகிரிக்கு அழைத்துச் செல்பவர்கள் தளபதியின் கல்லறையை வணங்கிய பின், மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்து, இங்கே உழைத்தவர்கள் யாவர் என்று அவர்களை வினவச் செய்யுங்கள்.

திரட்டிய செய்திகளை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால் ஊர்வாரியாகத் தொகுத்து வைக்கலாம். ஒரு பெயர் கிடைத்தாலும் அது பெரும் பேறே.