தாயே அனுப்பி வைத்தாலும் அது கடத்தலா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் பாக்கி பற்றிய சண்டையும் முடிந்து, எல்லோரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது குழந்தைக் கடத்தல் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளை பிடிக்கிறவன் என்றாலே நமக்குச் சாக்குப் பையோடு வருகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவான். அப்படி மட்டும் இல்லை என்று சொல்வதற்காக, ஹைட்டி நாட்டில் 2010-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு அக்கா கேட்டாங்க: "பெத்தவளே மனசார அனுப்பி வச்சிருக்கா. கூட்டிட்டுப் போனவங்களும் சாமி பக்தி உள்ளவங்க. இதுல கடத்தல் எங்கம்மா வந்துச்சு?"

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த மாத இதழில் அதையே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹைட்டி என்பது அமெரிக்காவுக்குத் தெற்கே, கரீபியன் கடலில் இருக்கிற ஒரு சின்ன நாடு. ஒரே தீவில் மேற்குப் பக்கம் ஹைட்டி, கிழக்குப் பக்கம் டொமினிக்கன் குடியரசு. நடுவில் தரை வழி எல்லைதான். ஹைட்டி மிகவும் ஏழை நாடு. அங்கே 2010 ஜனவரி 12-ஆம் தேதி சாயங்காலம், ஐந்து மணி ஆவதற்குச் சற்று முன்பு, 7.0 அளவில் பூமி அதிர்ந்தது. தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிப் போனது. செத்தவர்கள் ஒரு லட்சம் என்கிற கணக்கும் உண்டு, மூன்று லட்சம் என்கிற கணக்கும் உண்டு. சுமார் 15 லட்சம் பேர் வீடு இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஜனாதிபதி மாளிகையே இடிந்து விழுந்தது என்றால் மற்ற அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பதிவேடுகளை எடுத்து யார் பிள்ளை யார் என்று பார்க்கக்கூட வழியில்லாத நேரம் அது.

உலகம் முழுவதும் டிவியில் அந்தக் குழந்தைகளைப் பார்த்து அழுதது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் சிலரும் அழுதார்கள். அவர்களில் லாரா சில்ஸ்பி என்கிற பெண்ணின் தலைமையில் பத்து பேர் புறப்பட்டு வந்தார்கள். நூறு பிள்ளைகளைப் பக்கத்து டொமினிக்கன் குடியரசுக்குக் கூட்டிப் போய், கடலோரம் கபரேத்தே என்கிற ஊரில் ஒரு ஓட்டலை வாடகைக்குப் பிடித்து, அங்கே வைத்து வளர்ப்பது என்பது அவர்கள் திட்டம். அதற்கு முன்பு அவர்களுக்கு அங்கே ஒரு இல்லம் நடத்திய அனுபவம் கிடையாது. இல்லம் இன்னும் கட்டப்படவே இல்லை.

தலைநகரத்துக்கு வெளியே மலை மேல் காலபாஸ் என்று ஒரு கிராமம். ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை வைத்துக்கொண்டு அங்கே பெற்றோர்களிடம் பேசினார்கள். பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கிடைக்கும், விளையாட இடம் இருக்கும், நீச்சல் குளம்கூட இருக்கும், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். வீடு இடிந்து, சோற்றுக்கு வழியில்லாமல் நிற்கிற தாய்க்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இருபது பிள்ளைகள் வரை அந்த ஒரு ஊரிலிருந்தே போனார்கள். பணம் வாங்கிக்கொண்டு யாரும் கொடுக்கவில்லை. பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாரைக் குறை சொல்லி யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

மொத்தம் 33 பிள்ளைகள். இரண்டு மாதக் கைக்குழந்தையிலிருந்து 12 வயது வரை. ஜனவரி 29-ஆம் தேதி பேருந்தில் ஏற்றி எல்லைக்குப் போனார்கள். ஒரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட் இல்லை, ஹைட்டி அரசாங்கத்தின் அனுமதியும் இல்லை. பூகம்பத்துக்குப் பிறகு, தத்துப் பிள்ளைகள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் பிரதமரே கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த நாட்டில் உத்தரவு இருந்தது. போர்ட்-ஓ-பிரின்சில் இருந்த டொமினிக்கன் தூதரக அதிகாரி, காகிதம் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் உங்கள் மேல் குழந்தைக் கடத்தல் வழக்கு விழும் என்று முன்கூட்டியே எச்சரித்ததாகப் பிறகு சொன்னார். எல்லையில் போலீஸ் நிறுத்தியது. பத்து பேரும் கைது. பிப்ரவரி 4-ஆம் தேதி அவர்கள் மேல் ஆள் கடத்தல், குற்றக் கூட்டுச் சேர்ந்தது என்று வழக்குப் பதிவானது.

பிள்ளைகளை எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் என்கிற இல்லத்தில் கொண்டு போய் விட்டார்கள். அங்கே போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு சிறுமி அழுதுகொண்டே, நான் அநாதை இல்லை, எனக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள் என்று சொன்னாள். தன்னை ஏதோ விடுமுறை முகாமுக்கோ விடுதிப் பள்ளிக்கோ கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். விசாரிக்க விசாரிக்க, அநாதைகள் என்று சொல்லி ஏற்றிய பிள்ளைகளுக்குப் பெற்றவர்களோ நெருங்கிய சொந்தமோ இருப்பது தெரிந்தது. மார்ச் மாதத்தில் ஒரே ஒரு பிள்ளை தவிர மற்ற எல்லோரும் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

வழக்கு எப்படி முடிந்தது? பெற்றோர்கள் நீதிபதி முன்னால் வந்து, நாங்களாகத்தான் கொடுத்தோம் என்று சொன்னார்கள். பிப்ரவரி 17-ஆம் தேதி எட்டுப் பேரை விட்டுவிட்டார்கள். மார்ச்சில் இன்னொரு பெண்ணையும் விட்டார்கள். ஆள் கடத்தல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. தலைவியை மட்டும், முறையில்லாமல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார் என்கிற சின்னக் குற்றத்துக்காகத் தண்டித்தார்கள். அதுவரை சிறையில் இருந்த நாட்களே தண்டனை என்று மே 17-ஆம் தேதி அவரும் வெளியே வந்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஆக, அந்த அக்கா கேட்டது பாதி சரி. கடத்தல்காரர்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பிள்ளைகளை விற்கப் போனார்கள் என்பதற்குச் சாட்சியும் இல்லை. நாமும் அப்படிச் சொல்லக் கூடாது.

ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. அந்தத் தாய் எதற்குச் சம்மதித்தாள்? ஹைட்டியில் ஏழைக் குடும்பம் பிள்ளையைக் கொஞ்சம் வசதியான வீட்டில் விட்டு வளர்ப்பது காலகாலமாக நடக்கிறது. கூட இருக்கிறவன் என்கிற அர்த்தத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ரெஸ்தாவெக் என்று பேர். படிக்க வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தூக்கவும் பாத்திரம் கழுவவும் வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். (நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளை டவுன் வீட்டு வேலைக்கு அனுப்பிய கதை ஞாபகம் வருகிறதா?) ஆனாலும் பிள்ளை தாயின் பிள்ளைதான், உறவு அறுந்து போவதில்லை. அங்கே 2013 வரைக்கும் தத்துச் சட்டமே அப்படித்தான் இருந்தது. தத்துக் கொடுத்தாலும் பெற்ற குடும்பத்தோடு உறவு தொடரும். அமெரிக்காவில் தத்து என்றால் பெற்றவளுக்கு அந்தப் பிள்ளை மேல் எந்த உரிமையும் கிடையாது. இந்தக் குழுவினர் எழுதி வைத்திருந்த திட்டத்தில், தத்துக் கொடுக்கிற வாய்ப்பு பற்றியும் இருந்தது, தத்தெடுக்க வருகிறவர்கள் தங்குவதற்குக் கடலோர வீடுகள் பற்றியும் இருந்தது. பெற்றோர் இருக்கிற பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கிற எண்ணம் இல்லை என்று தலைவி பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் மலை மேல் நின்ற தாய்க்கு அந்தத் திட்டத்தை யார் படித்துக் காட்டினார்கள்? பள்ளிக்கூடம் என்று நினைத்துத்தான் அவள் பிள்ளையைக் கொடுத்தாள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த எல்லைப் போலீஸ்காரர் பார்த்தது என்ன? ஒரு பேருந்து, 33 பிள்ளைகள், காகிதம் எதுவும் இல்லை. உண்மையிலேயே பிள்ளை விற்கிறவன் வந்தாலும் அப்படித்தான் வருவான். அவனும் நல்ல வார்த்தைதான் பேசுவான். காகிதம் கேட்டால் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். நல்லவர்தானே என்று ஒரு பேருந்தை விட்டால் அடுத்த பேருந்தை எப்படி நிறுத்துவது? இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். இவர்களுக்குச் சட்ட ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து பேசினார். அவர் மேலேயே எல் சால்வடார் நாட்டில் பெண்களையும் சிறுமிகளையும் கடத்திய வழக்கு இருந்தது பிறகு தெரிந்தது. அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். இவர்களுக்கே தங்கள் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியவில்லை.

இது ஹைட்டியில் மட்டும் நடந்ததில்லை. 2007-இல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பிரான்ஸ் தொண்டு அமைப்பு ஒன்று 103 பிள்ளைகளை, டார்பூர் சண்டையில் அநாதையானவர்கள் என்று சொல்லி விமானம் ஏற்றப் பார்த்தது. பெரும்பாலோர் சாட் நாட்டு எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள், வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள். அங்கேயும் பெற்றோரிடம் சொன்னது பள்ளிக்கூடம்தான். அந்த வழக்கில் ஆறு பேருக்கு 8 வருடத் தண்டனை கிடைத்தது, 2008-இல் அந்த நாட்டு ஜனாதிபதி மன்னித்துவிட்டார்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேஷிய அரசாங்கம், ஆச்சே பகுதியில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை யாரும் வெளியே கூட்டிப் போகக் கூடாது என்று தடை போட்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நம் நாகப்பட்டினத்தில் அரசாங்கமே இல்லம் திறந்து அநாதையான பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டது. பேரிடர் முடிந்த கையோடு தத்து வேலையைத் தொடங்கக் கூடாது, முதலில் குடும்பத்தைத் தேட வேண்டும் என்பதுதான் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெப் சொல்வதும். தேடுவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அந்த மாதங்கள்தான் எல்லோருக்கும் பொறுமை இல்லாத மாதங்கள்.

பொறுமை இல்லாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான். ஒரு முகாமில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு அமைப்பு, அநாதைக் குழந்தைகள் பட்டியல் கொடுங்கள், விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம் என்று கேட்டது. பாட்டியோடு இருந்த இரண்டு பிள்ளைகளிடம் அம்மா எங்கே என்றேன். "இல்லை" என்றார்கள். நான் அநாதை என்று எழுதிவிட்டேன். அம்மா முகாமில் இல்லை என்றுதான் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பஸ் ஓடவில்லை, போன் டவர் விழுந்து கிடந்தது. மூன்றாவது நாள் ராத்திரி நடந்தும் லாரி ஏறியும் வந்து சேர்ந்தார். அதற்குள் அந்தப் பட்டியல் கை மாறியிருந்தது. அடுத்த நாள் காலையில் வண்டி வருவதாக இருந்தது. முகாமில் இருந்த குழு ஊக்குநர் அக்காதான் என்னைப் பிடித்து, "யாரைக் கேட்டு எழுதின? நோட்டைக் கொண்டா" என்று சத்தம் போட்டு அடிக்க வைத்தார். அந்த அமைப்பு நல்ல அமைப்பாகவும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாமலேயே எழுதிக் கொடுத்தேன் என்பதுதான் விஷயம்.

இப்போது நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, பெற்றோரைப் பிரிந்த பிள்ளையை யார் பார்த்தாலும் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் நாமே வைத்துக்கொள்வதும் குற்றம்தான். குழந்தைகள் இல்லம் எதுவானாலும் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வளர்க்கவே முடியாத நிலையில் ஒரு தாய் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்தான் ஒப்படைக்க முடியும். அப்படிக் கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. பத்திரத்தில் எழுதி, ஊர்ப் பெரியவர் முன்னால் கொடுத்தேன், நர்ஸம்மா மூலமாகக் கொடுத்தேன் என்பதெல்லாம் செல்லாது. தத்து உத்தரவை இப்போது மாவட்ட ஆட்சியர்தான் கொடுக்கிறார். வெளிநாட்டுக்காரர் தத்தெடுப்பதானாலும் மத்திய தத்துவள ஆணையம் வழியாகத்தான் முடியும்.

ஹைட்டிக்குத் திரும்ப வருகிறேன். பிள்ளைகள் திரும்பி வந்த வீடுகளில் அப்போதும் சோறு இல்லை. மறுபடியும் கேட்டால் கொடுப்பேன் என்று சொன்ன பெற்றோர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். அந்த நாட்டில் இல்லங்களில் இருந்த சுமார் 30,000 பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்ததாகக் கணக்கு. அந்த ஓட்டல் வாடகையும் விமான டிக்கெட்டும் பேருந்துச் செலவும் காலபாஸ் கிராமத்துக்கு அரிசியாகவும் கூரைத் தகடாகவும் போயிருந்தால் எத்தனை தாய் பிள்ளையை ஏற்றி விட்டிருப்பாள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அவங்க ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "அந்த நம்பரைச் சொல்லு, சுவத்துல எழுதி வைக்கிறேன்" என்றாங்க.

1098. ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது.