ஒரே சீட்டில் மூலிகையும் மாத்திரையும்

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் சீன மருத்துவர்கள் பலர் இரட்டை வழியில் போகிறார்கள். ஆங்கில மருந்து உண்டு. கூடவே மூலிகையும் உண்டு. இரண்டும் ஒரே மருந்துச் சீட்டில் இடம்பெறுவது அங்கே சாதாரணம். இரு மருத்துவங்களையும் இணைப்பது 1950களிலிருந்தே அரசின் கொள்கை.

இந்த நோய் ஓசையில்லாமல் வருகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதாகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. வலி கிடையாது. கவனிக்காமல் விட்டால் டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடும்.

இங்கேதான் ‘ஹுவாங்குய்’ வருகிறது. வெண்டைக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் மஞ்சள் பூவிலிருந்து தயாராகும் கேப்சூல் இது. இர்பெசார்டன் மாத்திரையுடன் இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, மாத்திரையை மட்டும் கொடுத்ததைவிட ஆல்புமின் கசிவு அதிகம் குறைந்ததாக 2022-ல் வெளியான சீன ஆய்வு ஒன்று தெரிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் கசிவு குறைவது வேறு. டயாலிசிஸிலிருந்து தப்புவது வேறு. இரண்டாவதற்கு வலுவான ஆதாரம் இருப்பது ஆங்கில மருந்துகளிடம். 2019-ல் வெளியான, 4,401 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், கானாக்ளிஃப்ளோசின் மருந்து சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட விபரீதங்களின் அபாயத்தை 30 சதவீதம் குறைத்தது.

மூலிகை என்றால் பக்க விளைவு இல்லை என்ற நம்பிக்கையும் பொய்க்கிறது. ‘லெய் கோங் தெங்’ என்ற கொடி புரதக் கசிவை நன்றாகவே குறைக்கும். ஆனால் கல்லீரலைக் கெடுக்கலாம்; ஆண், பெண் இருபாலரின் கருவளத்தையும் பாதிக்கலாம். ‘ஷியாவ்கே’ சர்க்கரை மாத்திரையில் மூலிகைகளோடு கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்தும் கலந்திருக்கிறது. அதை வெறும் மூலிகை என்று நினைத்துச் சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

இன்னும் மோசமானது பெல்ஜியத்தில் நடந்தது. உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட இளம்பெண்களின் சிறுநீரகங்கள் பாழானது 1993-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட வேறொன்று கலந்துவிட்டதே காரணம். பின்னர் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே தாவர இனம்தான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சீனாவில் இரு மருந்தும் ஒரே சீட்டில் இருப்பதால் என்ன சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்குத் தெரியும். இங்கே லேகியமும் கஷாயமும் பெரும்பாலும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடப்படுகின்றன. சாப்பிடுகிறவர்கள் அடுத்த முறை அந்தப் பாட்டில்களையும் டாக்டரிடம் எடுத்துச் செல்வது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமினையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதிப்பது அவசியம்.