துடிப்பைச் சீராக்கும் மாத்திரையும் தைராய்டும்

பெருங்களத்தூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், தம் மகளுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். இரண்டே மாதங்களில் உடல் மெலிந்திருந்தது, கைகள் நடுங்கின, அடங்கியிருந்த படபடப்பு மீண்டும் தொடங்கியிருந்தது. இதயம் மறுபடியும் பழுதாகிவிட்டது என்று குடும்பத்தார் அஞ்சினர். அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டில் காரணம் எதுவும் தென்படவில்லை. பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. இதயத் துடிப்பைச் சீராக்க ஒன்றரை ஆண்டுகள் அவர் அமியோடரோன் உட்கொண்டிருந்தார். அதை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன் மிக அதிகமாக இருந்தது.

நிறுத்திய மருந்து எவ்வாறு தொல்லை தரும்?

'கார்டரோன்' முதலிய பெயர்களில் விற்கப்படும் அமியோடரோன், உயிர் காக்கும் மருந்து. பலவீனமான இதயத்திலும் துடிப்பைச் சீராக்க உதவுவது. ஆனால் அதன் எடையில் 37 விழுக்காடு அயோடின். உடலுக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். 200 மில்லிகிராம் மாத்திரையிலிருந்து அன்றாடம் விடுபடுவதோ ஏறத்தாழ 6 மில்லிகிராம், அதாவது தேவையைப்போல் 40 மடங்கு. மேலும், இம்மருந்து கொழுப்புத் திசுக்களில் தேங்கி நிற்பது. நிறுத்திய பிறகும் பல மாதங்கள் கழித்தே உடலைவிட்டு நீங்கும்.

இதனால் தைராய்டு இரு வகையில் பாதிக்கப்படலாம். சுரப்பு குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல் ஆகியவை தோன்றும். ஹார்மோன் மிகுந்தால் எடை குறைவு, நடுக்கம், மிகுந்த வியர்வை, தூக்கமின்மை, துடிப்புச் சீர்கேடு ஆகியவை தோன்றும். சிலருக்கு அயோடின் மிகுதியால் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும். வேறு சிலருக்கு மருந்தால் சுரப்பியில் அழற்சி உண்டாகி, சேமிப்பிலிருந்த ஹார்மோன் இரத்தத்தில் கசியும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நாம் கண்ட பெரியவருக்கு ஏற்பட்டது இரண்டாவது வகை. சில மாத ஸ்டீராய்டு சிகிச்சையில் தேறினார்.

இப்பாதிப்பை எளிதில் தவறவிட நேர்கிறது. அமியோடரோன் நாடித் துடிப்பைக் குறைப்பதால் படபடப்பு வெளிப்படாமலே போகலாம். சோர்வை 'வயதாகிவிட்டது' என்று வீட்டார் ஒதுக்கிவிடுகின்றனர். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு, அதே அளவு மாத்திரையில் ஐ.என்.ஆர். திடீரென உயர்வதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அது இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும்.

நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு.

அயோடின் உப்பை விட்டுக் கல் உப்புக்கு மாறலாமா? பயனில்லை. மாத்திரை தரும் அயோடினுக்கு முன் உப்பிலுள்ளது மிகச் சிறிது. இதய நோயாளிகள் எந்த உப்பையும் அளவோடு கொள்வதே முக்கியம்.

மாத்திரையை நாங்களே நிறுத்திவிடலாமா? கூடாது. ஆபத்தான துடிப்புச் சீர்கேடு திரும்பக்கூடும். தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் பலர், தைராக்சின் மாத்திரையுடன் அமியோடரோனையும் தொடர்கின்றனர். முடிவை இதய மருத்துவரும் தைராய்டு மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டும்.

இப்பகுதியினர் பலர் நகரத்திலுள்ள பெரிய மருத்துவமனையில் இதயச் சிகிச்சை பெறுகின்றனர். இரத்தப் பரிசோதனையைச் சேலையூரிலோ மேடவாக்கத்திலோ வீட்டருகே செய்துகொள்கின்றனர். ஒரு மருத்துவர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே:

• மருந்தைத் தொடங்கும் முன்னும், மூன்று மாதங்களிலும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் டி.எஸ்.எச்., டி4 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்தை நிறுத்தினாலும் ஓராண்டு வரை தொடருங்கள்.

• எல்லாச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதன் முதல் பக்கத்தில் அமியோடரோன் தொடங்கிய நாளையும் நிறுத்திய நாளையும் எழுதுங்கள்.

• மூச்சுத் திணறல், வறட்டு இருமல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றினாலும் தாமதியாமல் வாருங்கள். இம்மருந்து நுரையீரலையும் கண்ணையும் பாதிக்கக்கூடும்.

அந்தப் பெரியவரின் நோயைக் கண்டறிய உதவியது, அவர் மகள் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஒரு பழைய சீட்டு. உங்கள் வீட்டிலும் அத்தகைய சீட்டுகள் பத்திரமாக இருக்கட்டும்.