தோற்ற தளபதிகள் எழுதிய படை வரலாறுகள்

போரில் வென்றோரிடம் தம் பக்கத்து ஆவணங்கள் மிகுதியாக உள. எதிர்ப்பக்கத்தில் நிகழ்ந்தது யாதென அவை கூறா. 1945இல் தம் படையின் வரலாற்றை எழுதப் புகுந்த அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்றுப் பகுதியினர் எதிர்ப்பட்ட இடர் இதுவே. நோர்மண்டியிலும் ஆர்டென் காடுகளிலும் தம்மை எதிர்த்த ஜேர்மனியப் படைப்பிரிவுகளை நடாத்தியோர் அப்போது சிறைமுகாம்களில் இருந்தனர். ஆகவே, அவர்களைக் கொண்டே எழுதுவிக்கத் துணிந்தனர்.

1946இல் ஹெஸ்ஸெ மாநிலத்து அலெண்டோர்ப் முகாமில் இவ்வேலை பெருமளவில் நடைபெற்றது. தளபதிகள் தாம் நடாத்திய படைப்பிரிவின் வரலாற்றைத் தத்தம் பெயரிட்டு எழுதினர். பன்சர் லேர் டிவிசனைப் பற்றிப் பயர்லைனும், பஸ்தோன் நகரை முற்றுகையிட்ட 26ஆம் டிவிசனைப் பற்றிக் கொக்கொட்டும் எழுதினர். 1961இல் வேலை முடிவுற்றபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப்படிகள் சேர்ந்திருந்தன.

இவற்றாற் பெற்ற பயன் சிறிதன்று. எரிபொருள் எத்துணை இருந்தது, எப்பாதை அடைபட்டது, மேலிடத்துக் கட்டளையைத் தளபதி நம்பினாரா என்பன போன்றவற்றை எழுதியவர் வாயிலாகவே அறிதல் கூடும். 1965இல் வெளிவந்த ஹியூ கோலின் ஆர்டென் போர் வரலாறு இவற்றைப் பெரிதும் பயன்படுத்தியது.

ஆயினும், பலர் ஆவணமின்றி நினைவைக்கொண்டே எழுதினர். நாளும் நேரமும் பிறழ்ந்தன. இது பொறுக்கத்தக்க குறையே; படைகளின் போர்நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். எழுதாது விடப்பட்டதை எங்ஙனம் திருத்துவது? ஜேர்மனியர் பிடியில் சோவியத் போர்க்கைதிகள் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்டனர். கிழக்குப் போர்முனை பற்றிய கட்டுரைகளிற் பெரும்பாலானவை இதுபற்றி வாய்திறவா. தோல்விக்கோ இட்லரே காரணர் என்பர். போர்க்குற்ற விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்தில் தமக்கெதிரே தாமே சான்றெழுதுவார் யார்? அமெரிக்கரும் அதனைக் கேட்டாரல்லர். ருஷ்யரோடு பொருதும் முறையே அவர்க்கு வேண்டியிருந்தது.

இவ்வெழுத்து வேலையைப் பல்லாண்டு மேற்பார்த்தவர், 1938 முதல் 1942 வரை ஜேர்மனியத் தரைப்படையின் தலைமை அதிகாரிகள் குழுவுக்குத் தலைவராயிருந்த பிரான்ஸ் ஹால்டர். 1961இல் அமெரிக்கத் தரைப்படை அவர்க்குச் சிவிலியருக்கான விருதொன்றை அளித்தது. அவர் போர்க்காலத்திற் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு, 1962 முதல் 1964 வரை மூன்று பாகங்களாக ஜேர்மனியில் அச்சேறியது. ருஷ்யப் போர் அழிப்புப் போராகும் என்றும், பொதுவுடைமைக் கட்சியின் படை அதிகாரிகளைக் கொல்லவேண்டும் என்றும் இட்லர் தளபதிகளுக்குரைத்தமை 1941 மார்ச்சு 30ஆம் நாட் பதிவில் உள்ளது. அந்நாட்குறிப்பு 1948இலேயே நூரன்பேர்க் விசாரணையிற் சான்றாக வைக்கப்பட்டிருந்தது.