அடுப்படியில் ஒரு லிட்டர் கடல்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் பீச்சுக்குப் போக நச்சரிப்பார்கள். உச்சிவெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. கடலிலிருந்து தள்ளி வசிப்பவர்களுக்கோ கடற்கரை என்பது பஸ் ஏறிப் போகவேண்டிய இடம். அங்கே போகும்வரை காத்திருக்க வேண்டாம். கடல் எப்படி இயங்குகிறது என்பதில் கணிசமான பகுதியை வீட்டு உப்பு ஜாடியை வைத்தே காட்டிவிடலாம்.

முதலில் கடல்நீர் தயாரிப்போம். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல் உப்பைக் கரையுங்கள். உலகக் கடல்களின் சராசரி உப்பு அளவு ஏறத்தாழ இதுதான். நிஜக் கடலில் கரைந்திருப்பதில் சுமார் 85 சதவீதம் சோடியமும் குளோரைடும். மிச்சம் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் போன்றவை. கடல்நீர் கரிப்பதோடு லேசாகக் கசக்கவும் செய்வது மக்னீசியத்தால்தான்.

இந்த நீரில் முட்டை மிதக்குமா? 'மிதக்கும்' என்றுதான் பல பிள்ளைகள் சொல்வார்கள். போட்டுப் பார்த்தால் புது முட்டை நேரே அடிக்குப் போய்விடும். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். அதே கன அளவு முட்டை அதைவிடக் கனமானது. கரண்டி கரண்டியாக உப்பைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். மொத்த உப்பு 100 கிராமைத் தாண்டிய பிறகுதான் முட்டை மெல்ல எழும்பும். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெருத்திருக்கும் என்பதால் அது முன்னதாகவே மிதந்துவிடும்.

அடுத்தது நிறம். கண்ணாடி டம்ளரில் பாதிக்கு நம் கடல்நீர். பீட்ரூட் துண்டு ஊறிச் சிவந்த நல்ல தண்ணீரை, ஒரு ஸ்பூனின் முதுகில் பட்டு வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள். சிவப்பு, மேலே தனி அடுக்காக நிற்கும். வங்காள விரிகுடாவில் நடப்பதும் இதுவே. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி கொண்டுவந்து கொட்டும் நன்னீர், கனமான உப்புநீர் மேல் பரவி நிற்கிறது. அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலேறிக் கலக்க முடிவதில்லை. மேற்பரப்பின் வெப்பம் தங்கிவிடுகிறது. அங்கே புயல்கள் வலுப்பெறுவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக ஒரு குட்டி உப்பளம். அகலமான பீங்கான் தட்டில் மெல்லிய படலமாகக் கடல்நீரை ஊற்றி, வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். 100 மில்லி தண்ணீர் அதிகபட்சம் 36 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்திருக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் கடல்நீர் எவ்வளவு வற்றினால் உப்பு விளையும்? ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்: ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக. தூத்துக்குடி உப்பளங்களில் நீரின் உப்புச் செறிவை 'டிகிரி' கணக்கில் அளக்கிறார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. பாத்தியில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலை நின்றுபோவது ஏன் என்று இனி பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தட்டில் விளைந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கூரான மூலைகளுடன் குட்டிக் குட்டிச் சதுரங்கள், சில நடுவில் படிப்படியாகக் குழிந்திருக்கும். அதே நீரை அடுப்பில் வேகமாகச் சுண்டவைத்தால் பொடிதான் மிஞ்சும். நிதானமாக வற்றினால்தான் படிகம் பெருக்கும்.

வேண்டியதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் 'என்ன நடக்கும்' என்று பிள்ளை எழுதட்டும், பிறகு நடந்ததை எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகாத பக்கத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: விடையை முந்திக்கொண்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.