மாப்பிள்ளை பார்த்தோம், வீடு பார்த்தோமா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் கேட்கும் பழமொழி. பிற ஊர்களில் இவை வெவ்வேறு காலங்களில் வரும் இரு சோதனைகள். எங்கள் காத்தான்குடியிலோ இரண்டும் ஒன்றாகவே வந்து வாசலில் நிற்கின்றன. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மணமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது மட்டக்களப்புப் பகுதியில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இவ்வழக்கம் நன்றோ தீதோ என்னும் வாதத்தில் நான் ஈண்டு இறங்கவில்லை. மகள் பிறந்த நாள் தொட்டே தந்தையின் நெஞ்சில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் இடப்பட்டுவிடுகிறது என்பதை மட்டும் சொல்லுகிறேன். நிலமுள்ளவர் கட்டுகிறார். இல்லாதவர், கடலுக்கும் வாவிக்கும் இடையே வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இவ்வூரில், கட்டிய வீடொன்றை விலைக்குத் தேடுகிறார்.

நானும் அவ்வாறு தேடியவன். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது அவரது குணம், கல்வி, குடும்பம் எல்லாவற்றையும் நான்கு இடங்களில் விசாரித்தேன். வீட்டையோ அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட ஒரு மாலைப்பொழுதில் பார்த்து முடித்துவிட்டேன். நிலத்து ஓடுகள் பளபளத்தன. முன்கதவில் செதுக்கு வேலை இருந்தது. சுவரில் சாயத்தின் மணம் மாறவில்லை. அதைப் புதுமையின் மணமென்று எண்ணி மகிழ்ந்தேன்.

மூன்று மாரிகள் கழிந்தன. மகள் ஒரு குறையும் சொன்னாளில்லை. ஒருநாள் பேரனின் பந்து அலுமாரிக்குப் பின்னால் உருண்டுவிட, அதை எடுப்பதற்காக அலுமாரியை நகர்த்தினேன். பின்சுவர் இடுப்பளவு உயரத்துக்கு ஈரம் ஏறி, உவர் பூத்து, பூச்சு உதிர்ந்து கிடந்தது. நான் வரும்போது கண்ணிற் படாதிருக்கவே அலுமாரி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது!

“ஏன் புள்ள, சொல்லல்ல?” என்றேன்.

“நீங்க தந்த வீடு வாப்பா” என்றாள்.

அச்சொல் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. தந்தை கொடுத்த வீட்டின் குறையை மகள் வாய்விட்டுச் சொல்லாள். ஆகவே அதைக் கொடுக்குமுன் கண்டறிவது தந்தையின் கடமையாகிறது.

இளைய மகளுக்கு வீடு பார்க்கும் காலம் வந்தபோது முதிய மேசன் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். விற்பவரோடு அவருக்குத் தொடர்பில்லை. அவரது கூலியை நானே கொடுத்தேன். மார்கழி மழை பெய்து ஓய்ந்த காலை நேரத்தை அவரே குறித்தார். எங்கள் பகுதியின் பெருமழை நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்வது. “சேர், சுவருக்குப் பெயின்ற் அடிக்கலாம், மழைக்கு அடிக்க ஏலா” என்றார் அவர்.

அவர் முதலிற் பார்த்தது சுவரின் அடிப்பாகத்தை. அடியில் மட்டும் சாயம் புதிதாயிருந்தால் அங்கே கேள்வி கேட்க வேண்டுமாம். அடுத்து வெடிப்புகள். பூச்சில் மயிரிழைபோல் ஓடுவன பெரும்பாலும் பூச்சு உலர்ந்ததால் வந்தவை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, ஒரு முனையில் அகன்று செல்லும் வெடிப்போ அத்திவாரம் இறங்கியதற்கு அறிகுறியாகலாம். வாவியோரம் மண்ணிட்டு நிரப்பிய நிலமாயின் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பின் மேல்தளத்தின் அடிப்புறத்தைக் கம்பொன்றினால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் ஓசை மாறிப் பொள்ளென்று கேட்டது. கடற்காற்றின் உப்பும், கழுவாத கடல் மணலின் உப்பும் கொங்கிறீற்றினுள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவேற்றுகின்றன. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. உள்ளிருந்தே நெருக்கிக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடுகிறது. மேலே பூச்சு அழகாயிருக்க, உள்ளே எலும்பு உளுத்துப்போகும் நோய் இது.

கூரையில் ஏறிக் கைமரங்களைக் கறையானுக்காகக் குத்திப் பார்த்தார். அவை சுவரோடு இறுகப் பிணைக்கப்பட்டனவா என்றும் பார்த்தார். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இப்பகுதியின் கூரைகளை அள்ளிச் சென்றதைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மின்சாரப் பெட்டியில் ‘ட்ரிப் சுவிச்’சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார், உடனே மின் துண்டிக்கப்பட்டது. துண்டிக்கப்படாவிடின் அது காவல் செய்யாத காவலாளி.

கடைசியாகக் கிணறு. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியேனும் வேண்டுமென்பது பொதுவான விதி. 10 பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமாயின் பக்கத்துக்கு 52 அடி. அதற்குள் வீடும் கிணறும் குழியும் அமைய வேண்டும்! நம் குழி தூரத்தில் இருந்தாலும், மதிலுக்கு அப்பால் அயலவர் குழி எங்கே உள்ளதென்று பார்த்தோமா? எங்கள் மண் மணல். நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. குழியிலிருந்து கசிவது கிணற்றைச் சேர்தல் எளிது. அதிலிருந்து வரும் நைத்திரேற்று என்னும் உப்புக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்கவைத்தாலும் அது போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுந்தால் கைக்குழந்தைக்குப் பெருந்தீங்கு. குழாய்நீர் வரும் வீடாயினும் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புதல் நன்று.

நிற்க. இவையெல்லாம் உறுதியில் எழுதப்படுவதில்லையா என்று வாசகர் வினவலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. ஆனால் நொத்தாரிசு ஆராய்வது உரித்தை, சுவரையன்று. காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடுதலும், முன்னைய பெற்றோர் எவரேனும் தம் ஆயுட்கால உரித்தை ஒதுக்கிக்கொண்டனரா என்று பார்த்தலும், அனுமதித்த வரைபடத்தின்படியே வீடு எழுந்ததென நகர சபை தந்த சான்றிதழைக் கேட்டலும் இன்றியமையாதவை. எனினும் கடதாசி உறுதியாயிருந்தால் கட்டிடமும் உறுதியாயிருக்குமென்று கொள்ளலாகாது.

இலங்கையில் காணி விற்பனைக்கு வழங்குவது உரோம-டச்சுச் சட்டம். அதன் வேர் பழைய உரோமாபுரியில் உள்ளது. கி.மு. 44இல் ‘கடமைகள்’ என்னும் நூலை எழுதிய சிசரோ அதில் ஒரு வழக்கைக் கூறுகிறார். சீலியன் குன்றின்மேல் ஒருவருக்கு வீடிருந்தது. அதன் உயரம் நிமித்தம் பார்ப்பதற்குத் தடையாகிறதென்று நிமித்திகர் அதை இடிக்கக் கட்டளையிட்டனர். அவரோ கட்டளையை மறைத்து வீட்டை விற்றுவிட்டார். இடிக்க நேர்ந்தவர் வழக்காட, நீதிபதியாயிருந்த கேற்றோ, அறிந்தும் சொல்லாதவர் நட்டத்தை ஈடுசெய்யக் கடவர் எனத் தீர்த்தார். மறைந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு என்னும் நெறி நம் சட்டத்திலும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த குறைக்கு வாங்கியவரே பொறுப்பு. பாராது வாங்கியவர் பின்னர் வழக்காடி வெல்லுதல் அரிது.

அமெரிக்காவில் இப்பணி தனித்தொழிலாகவே வளர்ந்து, 1976இல் வீட்டுப் பரிசோதகர்க்கு ஒரு சங்கமும் தோன்றிற்று. வாங்குபவர் தாமே அமர்த்தும் பரிசோதகர் எழுதித்தரும் அறிக்கையின் பேரில் அங்கே பேரம் பேசப்படுகிறது. நம்மூரில் அப்படிச் செய்வதற்குத் தடையாக நிற்பது பணமன்று; கூச்சம். விற்பவர் நமக்குத் தெரிந்தவர். ஒரே பள்ளிவாசலில் தொழுபவர். மேசனை அழைத்துச் சென்றால், “என்னை நம்பவில்லையா?” என்று கேட்பாரே என அஞ்சுகிறோம்.

இதற்கு விடை நம் மார்க்கத்திலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்று விற்பவர் சொல்ல, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள். இந்நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பிற் காணலாம். குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தல் அவமதிப்பன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இளைய மகளுக்கு வாங்கிய வீடும் குறையற்றதன்று. மேல்தளத்தில் இரண்டு இடங்கள் பழுது. கிணற்று நீர் குடிக்க உகந்ததன்று. மேசன் சொன்னவற்றை நானே இரு தாள்களில் எழுதி விற்பவரிடம் காட்டினேன். சிறிது முகம் சுளித்தார். பின் விலையைக் குறைத்தார். அப்பணத்தில் தளத்தைத் திருத்தினோம். உறுதியை மகளிடம் கொடுத்த நாளில் அவ்விரு தாள்களையும் அதனோடு சேர்த்தே கொடுத்தேன்.

அவள் வீட்டில் அலுமாரி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது.